எண் சரி, முடிவு சரியா? வேலைவாய்ப்பு வாதங்களை எடைபோடும் முறை

மகளுக்குப் பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. நான்கு ஆண்டுப் படிப்புக்கு ஏழு லட்சம் ரூபாய் கல்விக் கடன் தேவைப்படுகிறது. வங்கிக்குச் செல்வதற்கு முன் தந்தை இருவரிடம் கருத்துக் கேட்கிறார்.

"நாட்டில் வேலை எங்கே இருக்கிறது, அத்தான்? ரயில்வேயில் 35 ஆயிரம் இடங்களுக்கு ஒன்றேகால் கோடிப் பேர் விண்ணப்பித்தார்கள். கடன் வாங்கிப் படிக்க வைத்து என்ன பயன்?" என்கிறார் பெண்ணின் தாய்மாமன்.

"வேலையின்மை மூன்று சதவீதம்தான், சார். ஆறே ஆண்டுகளில் பாதியாகக் குறைந்துவிட்டது. அந்தக் கல்லூரியில் 95 சதவீத மாணவர்களுக்கு வளாகத் தேர்விலேயே வேலை கிடைக்கிறதாம். துணிந்து கடன் வாங்குங்கள்" என்கிறார் அலுவலக நண்பர்.

இக்குடும்பம் கற்பனையானது, உரையாடலோ நம் இல்லங்களில் அன்றாடம் நிகழ்வது. இருவரும் கூறிய தேசியப் புள்ளிவிவரங்கள் உண்மையானவை. 2019ஆம் ஆண்டு ரயில்வே தேர்வு வாரியங்கள் அறிவித்த 35,281 பணியிடங்களுக்குச் சுமார் 1.25 கோடி விண்ணப்பங்கள் வந்தன. அரசின் கணக்கெடுப்பின்படி 2017-18இல் 6 சதவீதமாக இருந்த வேலையின்மை விகிதம் 2023-24இல் 3.2 சதவீதமாயிற்று. ஆயினும், இந்த எண்களிலிருந்து இருவரும் எட்டிய முடிவுகளை அந்த எண்கள் தாங்கவில்லை. எண்ணுக்கும் முடிவுக்கும் இடையே உள்ள இந்தப் பாலத்தைச் சோதித்துப் பார்க்கும் பழக்கம் வாக்காளருக்கு மட்டுமன்றி, கடன் வாங்குபவருக்கும், தொழில் தொடங்குபவருக்கும், பணியை விட்டு வேறு பணிக்கு மாற எண்ணுபவருக்கும் தேவைப்படுகிறது. வேலைவாய்ப்பு பற்றிய விவாதங்களில் அடிக்கடி தலைகாட்டும் பிழைகள் சிலவற்றை இங்குக் காண்போம்.

எவர் 'வேலையில் உள்ளவர்'?

இந்தியாவில் வேலைவாய்ப்பை அளவிடும் முதன்மையான கருவி, தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2017 ஏப்ரல் முதல் நடத்திவரும் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பு ஆகும். பயிற்சி பெற்ற களப்பணியாளர்கள் தேர்ந்தெடுக்கப்பட்ட வீடுகளுக்குச் சென்று, ஒவ்வோர் உறுப்பினரும் என்ன செய்கிறார் என்று கேட்டறிகின்றனர். 15 வயதுக்கு மேற்பட்டோர் மூன்று பிரிவுகளாகின்றனர்: வேலை செய்பவர், வேலை தேடுபவர் அல்லது கிடைத்தால் செய்ய ஆயத்தமாக இருப்பவர், இவ்விரண்டிலும் சேராத மாணவர், இல்லப் பணியாற்றுவோர், ஓய்வு பெற்றோர் போன்றோர். முதல் இரு பிரிவினரும் சேர்ந்ததே தொழிலாளர் படை. அதில் இரண்டாம் பிரிவினர் நூற்றுக்கு எத்தனை பேர் என்பதே வேலையின்மை விகிதம். மூன்றாம் பிரிவினர் இக்கணக்கிற்குள் வருவதே இல்லை.

இக்கணக்கெடுப்பு இரு அளவுகோல்களைப் பயன்படுத்துகிறது. 'வழக்கமான நிலை' என்பது கடந்த ஓராண்டு முழுவதையும் நோக்குவது. துணைத் தொழிலாக 30 நாட்களேனும் உழைத்தவரும் இதில் வேலையில் உள்ளவராகிறார். 'நடப்பு வார நிலை' என்பது கடந்த ஏழு நாட்களை மட்டும் நோக்குவது. அவற்றுள் ஏதேனும் ஒரு நாளில் ஒரு மணி நேரமாவது வேலை செய்தவர் வேலையில் உள்ளவராகக் கொள்ளப்படுகிறார். குடும்பக் கடையிலோ வயலிலோ ஊதியமின்றி உதவுபவரும் இரு முறைகளிலும் வேலையில் உள்ளவரே.

"ஒரு மணி நேரம் உழைத்தால் வேலையா? அப்படியானால் கணக்கே பொய்" என்று சிலர் கூறுவதுண்டு. இது அவசர முடிவு. ஒரு மணி நேர வரையறை உலக நாடுகள் பலவும் பின்பற்றுவது. எல்லா ஆண்டுகளுக்கும் ஒரே வரையறையைப் பயன்படுத்தும்போது, ஓராண்டை மற்றோர் ஆண்டுடன் ஒப்பிட அது உதவுகிறது. அந்த வேலை வயிற்றுக்குப் போதுமானதா, நிலையானதா என்ற வினாவுக்கு அது விடை கூறாது. அதற்கு ஊதியம், பணிவகை பற்றிய பிற அட்டவணைகளைக் காண வேண்டும். ஓர் அளவுகோல் எதை அளக்கவில்லை என்று தெரிந்துகொள்வது வேறு. அது அளப்பதையே மறுப்பது வேறு.

இரு அளவுகோல்களையும் கலந்துவிடுவதால் விளையும் பிழையையும் இங்கே குறிப்பிட வேண்டும். 2023-24இல் வழக்கமான நிலைப்படி வேலையின்மை 3.2 சதவீதம். அதே ஆண்டில், அதே கணக்கெடுப்பில், நடப்பு வார நிலைப்படி 4.9 சதவீதம். 2025 முதல் மாதந்தோறும் வெளியாகும் விவரங்கள் நடப்பு வார நிலையைச் சார்ந்தவை. அவற்றில் முதலாவதான 2025 ஏப்ரல் மாத விகிதம் 5.1 சதவீதமாக அமைந்தது. இதை 3.2உடன் ஒப்பிட்டு "வேலையின்மை திடீரென எகிறியது" என்று கூறுவது, கிலோகிராமில் நிறுத்ததைப் பவுண்டில் நிறுத்ததோடு ஒப்பிட்டு எடை கூடிவிட்டதாகச் சொல்வதற்கு ஒப்பாகும்.

விகிதம் குறைந்தால் வேலை பெருகியதாகுமா?

நூறு பெரியவர்கள் வாழும் ஒரு சிற்றூரை எண்ணிக்கொள்வோம். 50 பேர் வேலை செய்கின்றனர்; 10 பேர் தேடுகின்றனர்; 40 பேர் இரண்டிலும் இல்லை. தொழிலாளர் படை 60. வேலையின்மை 10ஐ 60ஆல் வகுக்க ஏறத்தாழ 16.7 சதவீதம். மறு ஆண்டு, தேடிச் சலித்த ஆறு பேர் இனி வேலையே வேண்டா என்று ஒதுங்கிவிடுகின்றனர். வேலை செய்பவர் அதே 50, தேடுபவர் 4. வேலையின்மை இப்போது 7.4 சதவீதம். ஒரு புதிய வேலைகூட உருவாகவில்லை. விகிதமோ பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது.

இதற்கு நேர்மாறாகவும் நிகழலாம். அவ்வூருக்கு அருகே ஓர் ஆலை தொடங்கி, தேடிக்கொண்டிருந்த பத்துப் பேரையும் பணியில் சேர்த்துக்கொள்கிறது. அதைக் கண்டு, அதுவரை வீட்டில் இருந்த 15 பேர் தாமும் வேலை தேடத் தொடங்குகின்றனர். வேலை செய்பவர் 60, தேடுபவர் 15. வேலையின்மை 20 சதவீதம். வேலைகள் பெருகியும் விகிதம் உயர்ந்துவிட்டது.

ஆகவே வேலையின்மை விகிதத்தைத் தனியே பார்த்து வேலைகள் பெருகின என்றோ சுருங்கின என்றோ கூற இயலாது. அதனோடு, பெரியவர்களில் நூற்றுக்கு எத்தனை பேர் வேலை செய்கின்றனர் என்ற எண்ணையும் காண வேண்டும். இந்தியாவில் இந்த எண் 2017-18இல் 46.8 ஆக இருந்து, 2023-24இல் 58.2 ஆக உயர்ந்தது. எனவே, "மக்கள் தேடுவதை விட்டுவிட்டதாலேயே வேலையின்மை குறைந்தது" என்ற வாதம் இக்காலத்துக்குப் பொருந்தாது. சிற்றூர்க் கதை ஒரு வாய்ப்பைக் காட்டுகிறது. அந்த வாய்ப்பே உண்மையில் நிகழ்ந்தது என்று கொள்வதும் ஒரு பிழையே.

எனில் மாதச் சம்பள வேலைகள் பெருகினவா? இங்கே இரு தரப்பினரும் தடுமாறுவதைக் காணலாம். வேலை செய்பவர்களில் முறையான சம்பளம் பெறுவோரின் பங்கு 2017-18இல் 22.8 சதவீதம், 2023-24இல் 21.7 சதவீதம். சுயதொழில் புரிவோரின் பங்கு 52.2 சதவீதத்திலிருந்து 58.4 சதவீதமாக உயர்ந்தது. இதைக் கண்டு "சம்பள வேலைகள் குறைந்துவிட்டன" என்று பலர் எழுதினர். பங்கு குறைவதும் எண்ணிக்கை குறைவதும் ஒன்றல்ல. 46.8இல் 22.8 சதவீதம் என்பது ஏறத்தாழ 10.7, 58.2இல் 21.7 சதவீதம் என்பது ஏறத்தாழ 12.6. அதாவது நூறு பெரியவர்களுக்கு 11 பேர் அளவில் இருந்த சம்பளக்காரர்கள் 13 பேர் அளவுக்கு உயர்ந்துள்ளனர். அதே கணக்கில் சுயதொழில் புரிவோர் 24 பேரிலிருந்து 34 பேராயினர். தினக்கூலிகள் ஏறத்தாழ அதே அளவில் நின்றனர்.

இச்சிறு பெருக்கலும் வகுத்தலும் செய்தால் படம் தெளிவாகிறது. வேலை செய்வோர் கூடியது உண்மை. சம்பள வேலைகள் கூடியதும் உண்மை. ஆனால் கூடியதில் பெரும்பகுதி சுயதொழில் என்பதும் உண்மை. அந்தச் சுயதொழிலுக்குள் வளரும் கடையை நடத்துபவரும் உள்ளார். வேறு வழியின்றித் தள்ளுவண்டி தள்ளுபவரும் உள்ளார். ஊதியமின்றிக் குடும்ப வயலில் உழைக்கும் பெண்ணும் உள்ளார். பெண்களின் தொழிலாளர் பங்கேற்பு 23.3 சதவீதத்திலிருந்து 41.7 சதவீதமாக உயர்ந்ததைப் பாராட்டுவோரும் ஐயுறுவோரும், உழைக்கும் பெண்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் ஊதியமில்லாக் குடும்ப உதவியாளர்கள் என்பதை உடன் சேர்த்தே பேச வேண்டும்.

பெயர் சேர்ந்தால் வேலை சேர்ந்ததா?

2018 ஏப்ரல் முதல் ஊழியர் வருங்கால வைப்பு நிதி நிறுவனம் தன் உறுப்பினர் சேர்க்கை விவரங்களை மாதந்தோறும் வெளியிடுகிறது. "இம்மாதம் இத்தனை லட்சம் புதிய வேலைகள்" என்ற தலைப்புகள் பெரும்பாலும் இதிலிருந்தே பிறக்கின்றன. ஓர் எடுத்துக்காட்டு: ஒரு நிறுவனத்தில் 19 பேர் பல ஆண்டுகளாகப் பணிபுரிகின்றனர். வைப்பு நிதிச் சட்டம் பொதுவாக 20 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்களைக் கொண்ட நிறுவனங்களுக்கே பொருந்தும். இருபதாவது நபர் சேர்ந்ததும் நிறுவனம் சட்டத்தின் கீழ் வருகிறது. தகுதியுள்ள அனைவரும் உறுப்பினராயின், ஏட்டில் ஏறும் புதிய பெயர்கள் இருபது. பிறந்த புதிய வேலை ஒன்று.

பழைய 19 பேருக்கும் இதனால் நன்மை உண்டு. ஓய்வுக்காலச் சேமிப்பும் ஓய்வூதியப் பாதுகாப்பும் அவர்களுக்குக் கிடைக்கின்றன. ஆகவே அந்த எண் முறைசார்ந்த பணிகள் பரவுவதைக் காட்டும் நல்ல குறியீடாகும். வேலை இருந்த இடத்தில் பாதுகாப்பு வந்ததா, வேலையே இல்லாத இடத்தில் வேலை வந்ததா என்பதை மட்டும் அது தனியே பிரித்துக் காட்டாது.

கடன் கணக்குகளுக்கும் இது பொருந்தும். வங்கி வாடிக்கையாளர்களாகிய நமக்கு இது நெருக்கமான எடுத்துக்காட்டு. 2015 ஏப்ரலில் தொடங்கிய பிரதமரின் முத்ரா திட்டத்தின் கீழ், முதல் மூன்று நிதியாண்டுகளில் சுமார் 12.27 கோடிக் கடன்கள் வழங்கப்பட்டன. ஒரு கடனுக்கு ஒரு வேலை என்று கொண்டால் 12 கோடிக்கும் மேற்பட்ட வேலைகள் உருவாகியிருக்க வேண்டும். மத்திய அரசின் தொழிலாளர் பணியகம் நடத்திய மாதிரி ஆய்வோ 2015 முதல் 2018 வரை இத்திட்டத்தால் கூடுதலாகத் தோன்றிய வேலைகள் 1.12 கோடி என்று மதிப்பிட்டது. ஏறத்தாழ 11 கடன்களுக்கு ஒரு கூடுதல் வேலை.

இதற்குக் காரணம் தேடி வியக்க வேண்டியதில்லை. ஒரே நபர் ஆண்டுதோறும் கடன் பெறலாம். பெரும்பாலான கடன்கள் ஐம்பதாயிரம் ரூபாய்க்கு உட்பட்டவை. ஏற்கெனவே நடைபெறும் தையல் கடைக்குத் துணியோ, காய்கறிக் கடைக்குச் சரக்கோ வாங்கவே அத்தொகை போதும். அது இருக்கும் பிழைப்பைக் காக்கிறது, கந்துவட்டியிலிருந்து மீட்கிறது. இந்தப் பயன்களை அவற்றுக்குரிய பெயரால் அழைப்பதே முறை. கடனின் பயனை வேலை எண்ணிக்கையால் மட்டும் மிகைப்படுத்துவதும் குறைப்பதும் ஒரே தவற்றின் இரு பக்கங்கள்.

எந்த ஆண்டிலிருந்து தொடங்குகிறார்?

நகர்ப்புற வேலையின்மை (நடப்பு வார நிலைப்படி) 2020 ஜனவரி-மார்ச் காலாண்டில் 9.1 சதவீதமாக இருந்தது. ஊரடங்கு நிலவிய ஏப்ரல்-ஜூன் காலாண்டில் அது ஏறத்தாழ 21 சதவீதமாக எகிறியது. 2021 ஏப்ரல்-ஜூனில் 12.6, 2022 ஏப்ரல்-ஜூனில் 7.6. இந்நான்கு எண்களை வைத்துக்கொண்டு இரு கதைகள் சொல்லலாம். இரண்டாம் எண்ணிலிருந்து தொடங்குபவர் "இரண்டே ஆண்டுகளில் வேலையின்மை மூன்றில் ஒரு பங்காகிவிட்டது" என்பார். முதல் இரண்டு எண்களோடு நிறுத்திக்கொள்பவர் "மூன்றே மாதங்களில் இரு மடங்குக்கும் மேலாகிவிட்டது" என்பார். பெருந்தொற்றுக் காலத்தின் அசாதாரண ஆழத்தைத் தொடக்கமாகவோ முடிவாகவோ கொள்ளும் எந்த ஒப்பீடும் இயல்பான போக்கைக் காட்டாது. 9.1இலிருந்து 7.6 என்பதே அந்த இரண்டேகால் ஆண்டின் அமைதியான கணக்கு.

பருவமும் இவ்வாறே ஏமாற்றும். நடவும் அறுவடையும் வரும் மாதங்களில் ஊரகத்தில் வேலை கூடும்; கோடையில் குறையும். ஏப்ரலை ஜூலையோடு ஒப்பிடாமல், ஏப்ரலை முந்தைய ஏப்ரலோடு ஒப்பிடுவதே ஏற்புடையது. 'சதவீதம்', 'சதவீதப் புள்ளி' என்ற சொற்களையும் கவனிக்க வேண்டும். 6இலிருந்து 3ஆகக் குறைவதை 50 சதவீத வீழ்ச்சி என்றும் கூறலாம். 3 சதவீதப் புள்ளி வீழ்ச்சி என்றும் கூறலாம். இரண்டும் சரியே, சொல்பவர் தமக்கு உதவுவதைத் தேர்ந்தெடுப்பார்.

ரயில் எந்தத் திசையில் செல்கிறது?

2023-24 கணக்கெடுப்பின்படி கேரளத்தின் வேலையின்மை விகிதம் 7.2 சதவீதம், பீகாரின் விகிதம் 3 சதவீதம். இதைக் கொண்டு பீகாரில் வேலை எளிதாகக் கிடைக்கிறது என்று முடிவு செய்தால், கேரளத்து இளைஞர்கள் பாட்னாவுக்கு ரயில் ஏறிக்கொண்டிருக்க வேண்டும். நடப்பதோ வேறு. பீகாரிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் கட்டடப் பணிக்கும் உணவகப் பணிக்கும் தெற்கே வருவோர் பல லட்சம்.

வேலைக்காகக் காத்திருப்பதற்கும் ஒரு வசதி வேண்டும் என்பதே இப்புதிருக்கு விடை. பெற்றோரின் வருமானமோ, வெளிநாட்டிலிருந்து வரும் பணமோ, சொந்த வீடோ உள்ள பட்டதாரி தன் படிப்புக்கேற்ற பணி கிடைக்கும் வரை ஓரிரு ஆண்டுகள் தேடுவார். கணக்கெடுப்பில் அவர் வேலையற்றவர். அன்றன்று உழைத்தால்தான் அடுப்பெரியும் என்ற நிலையில் உள்ளவர் கிடைத்த வேலையைச் செய்வார். அவர் வேலையற்றவராகப் பதிவாக வாய்ப்பில்லை.

கல்வி பற்றிய தவறான முடிவொன்றும் இதனால் பிறக்கிறது. 2022-23இல் பட்டதாரிகளிடையே வேலையின்மை 13.4 சதவீதம், எழுத்தறிவற்றோரிடையே அது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. "படித்தால் வேலை போய்விடும்" என்று இதைப் படிப்பது பிழை. எழுத்தறிவற்றவரின் குறைந்த விகிதம் அவர் நல்வாழ்வின் அடையாளமன்று. ஆயினும் 13.4 சதவீதம் என்பதை அலட்சியம் செய்வதும் தவறு. படித்தவர் எதிர்பார்க்கும் பணிகள் படித்தவரின் எண்ணிக்கைக்கு ஈடாகப் பெருகவில்லை என்பதை அது தெளிவாகவே சொல்கிறது.

வேலை என்பது அளவு மாறாத அப்பமா?

"ஒருவருக்கு வேலை கிடைத்தால் மற்றொருவருக்குப் பறிபோகும்" என்ற எண்ணம் மிகப் பழையது. பெண்கள் பணிக்கு வந்தால் ஆண்களுக்கு வேலையில்லை. வெளிமாநிலத்தவர் வந்தால் உள்ளூரார்க்கு இல்லை. இயந்திரம் வந்தால் எவர்க்கும் இல்லை. நாட்டில் உள்ள மொத்த வேலை ஒரு நிலையான அளவு என்ற எண்ணமே இவ்வாதங்களின் அடித்தளம். சம்பளம் பெறும் பெண் அச்சம்பளத்தைச் செலவிடுகிறார். அச்செலவு வேறொருவர்க்கு வேலையாகிறது என்பதை இது கணக்கில் கொள்வதில்லை.

வங்கித் துறையே இதற்குச் சான்று. கணினி வந்தால் எழுத்தர் வேலை ஒழியும் என்று ஊழியர் சங்கங்கள் அஞ்சின. நீண்ட பேச்சுக்குப் பின் 1983இல் இயந்திரமயமாக்கல் குறித்து இந்திய வங்கிகள் சங்கத்துக்கும் ஊழியர் சங்கங்களுக்கும் இடையே ஒப்பந்தம் ஏற்பட்டது. அடுத்த ஆண்டு சி. ரங்கராஜன் தலைமையிலான ரிசர்வ் வங்கிக் குழு அதற்கான வழிமுறைகளை வகுத்தது. 1987இல் நாட்டின் முதல் ஏடிஎம் மும்பையில் நிறுவப்பட்டது. வங்கித் துறை அழிந்துவிடவில்லை. வங்கிகள் தேசியமயமாக்கப்பட்ட 1969இல் 8,262 ஆக இருந்த கிளைகள் இன்று ஒரு லட்சத்தைக் கடந்துள்ளன. கணினிப் பராமரிப்பு, அட்டைச் சேவை, தொலைபேசி உதவி மையம், 2006இல் அனுமதிக்கப்பட்ட வங்கி முகவர் முறை என அன்று எவரும் எண்ணாத பணிகள் தோன்றின.

கதை இத்துடன் முடியவில்லை. 2000-01இல் பொதுத்துறை வங்கிகளின் விருப்ப ஓய்வுத் திட்டத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஊழியர்கள் வெளியேறினர். பேரேடு எழுதும் கையெழுத்துத் திறனுக்கு இருந்த மதிப்பு போயிற்று. வெளியேறிய ஐம்பது வயது எழுத்தரும், தகவல் தொழில்நுட்பப் பிரிவில் சேர்ந்த இருபத்தைந்து வயதுப் பொறியாளரும் ஒரே நபர் அல்லர். "மொத்தத்தில் வேலை குறையவில்லை, ஆகவே எவருக்கும் இழப்பில்லை" என்பது "இயந்திரம் எல்லா வேலைகளையும் விழுங்கும்" என்பதற்கு எதிர்த்திசையில் அமைந்த பிழை. இன்று செயற்கை நுண்ணறிவு பற்றி எழும் விவாதங்களிலும் இவ்விரு பிழைகளும் மீண்டும் ஒலிக்கின்றன. மொத்தம் எவ்வளவு என்பதோடு, யாருக்குப் போகிறது, யாருக்கு வருகிறது, இடைப்பட்ட காலத்தை அவர் எதைக் கொண்டு கடப்பார் என்றும் கேட்க வேண்டும்.

அந்தத் தந்தை என்ன செய்யலாம்?

முதலில் தாய்மாமனின் வாதம். ஒன்றேகால் கோடி விண்ணப்பங்கள் ஒன்றேகால் கோடி வேலையற்றோரைக் குறிப்பதில்லை. தனியார் நிறுவனத்தில் பணிபுரிபவரும், கல்லூரியில் பயில்பவரும், குடும்பக் கடையைக் கவனிப்பவரும் அரசுப் பணிக்கு விண்ணப்பிக்கின்றனர். பணிப் பாதுகாப்பின் மீது மக்களுக்கு உள்ள தாகத்தையே அந்த எண் காட்டுகிறது. அத்தாகம் உண்மையானது, ஒரு குறிப்பிட்ட பாடப்பிரிவில் படித்த பெண்ணுக்கு வேலை கிடைக்குமா என்பதற்கு அது விடையாகாது.

அடுத்து நண்பரின் வாதம். 3.2 சதவீதம் என்பது நாடு முழுமைக்கும், எல்லா வயதுப் பெரியவர்களுக்கும் உரியது. அதே 2023-24இல் 15 முதல் 29 வயது வரையுள்ளோரிடையே வேலையின்மை 10.2 சதவீதம். மகள் படித்து முடிக்கும்போது நிற்கப்போவது இந்த வரிசையில்தான்.

கல்லூரி கூறும் 95 சதவீதத்தைச் சற்றுப் பிரித்துப் பார்ப்போம். ஓர் ஆண்டில் 400 மாணவர்கள் படித்து முடிக்கின்றனர் என்று வைத்துக்கொள்வோம். நிலுவைப் பாடங்கள் இல்லாத, விருப்பம் தெரிவித்த 220 பேர் மட்டும் வளாகத் தேர்வுக்குப் பதிவு செய்கின்றனர். நிறுவனங்கள் 209 பணி ஆணைகளை வழங்குகின்றன. 209ஐ 220ஆல் வகுத்தால் 95 சதவீதம். ஆனால் சிலர் இரண்டு, மூன்று ஆணைகளைப் பெற்றிருப்பர். ஆணை பெற்ற தனி மாணவர்கள் 150 பேர் என்றால், 400இல் அது 37.5 சதவீதம். எவரும் பொய் சொல்லவில்லை. எதை எதனால் வகுத்தார்கள் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டார்கள்.

சராசரிச் சம்பளத்திலும் கவனம் வேண்டும். பத்து மாணவர்களில் ஒன்பது பேருக்கு ஆண்டுக்கு 3 லட்சம், ஒருவருக்கு 23 லட்சம் எனில் சராசரி 5 லட்சம். நடுவில் நிற்பவர் பெறுவதோ 3 லட்சம். மாதம் 25 ஆயிரம். ஏழு லட்சம் கடனை 10 சதவீத வட்டியில் பத்து ஆண்டுகளில் திருப்பிச் செலுத்த மாதத் தவணை ஏறத்தாழ 9,250 ரூபாய். படிப்புக் காலத்து வட்டி அசலோடு சேர்ந்தால் தவணை மேலும் உயரும். 5 லட்சம் சம்பளத்தை நம்பிக் கடன் வாங்குவதற்கும், 3 லட்சத்தை எதிர்பார்த்து வாங்குவதற்கும் இடையே ஒரு குடும்பத்தின் பல ஆண்டு நிம்மதி அடங்கியிருக்கிறது.

இவ்வளவும் கடன் வாங்க வேண்டா என்பதற்காகக் கூறப்படவில்லை. மேற்படிப்பு பெரும்பாலோர்க்குப் பயன் தரும் முதலீடே. எவ்வளவு தொகை, எந்தப் பாடப்பிரிவு, எந்தக் கல்லூரி என்ற முடிவுகளைச் சரியான எண்ணின் மீது எழுப்ப வேண்டும் என்பதே கருத்து. கல்லூரியில் அந்தப் பாடப்பிரிவில் கடந்த ஆண்டு மொத்தம் எத்தனை பேர் முடித்தனர், எத்தனை பேர் பணியில் சேர்ந்தனர், நடுநிலைச் சம்பளம் என்ன என்று தந்தை எழுத்துமூலம் கேட்கலாம். படிப்புக் காலத்திலேயே எளிய வட்டியை இயன்ற அளவு செலுத்திவந்தால் சுமை எவ்வளவு குறையும் என்று வங்கிக் கிளையில் கணக்கிட்டுத் தரச் சொல்லலாம்.

கேட்க வேண்டிய ஆறு வினாக்கள்

1. எண்ணப்படுவது எது? வேலையா, விண்ணப்பமா, கடன் கணக்கா, உறுப்பினர் பெயரா?

2. எதனால் வகுக்கப்பட்டது? மக்கள்தொகையா, தொழிலாளர் படையா, பதிவு செய்தவர் மட்டுமா?

3. ஒப்பிடும் இரு எண்களும் ஒரே வரையறை, ஒரே பருவம் சார்ந்தவையா?

4. தொடக்க ஆண்டு இயல்பானதா? வேறு ஆண்டிலிருந்து தொடங்கினால் முடிவு மாறுமா?

5. இதன் பின் அது நிகழ்ந்தது என்பதால், இதனால் நிகழ்ந்தது என்று ஆகுமா? வேறு காரணம் உண்டா?

6. சராசரியும் மொத்தமும் யாரை மறைக்கின்றன? நான் அதில் எங்கே நிற்கிறேன்?

நமக்கு உவப்பான முடிவைத் தரும் எண்ணிடம் இவ்வினாக்களைக் கேட்பது கடினம். உவப்பற்றதிடம் கேட்பது எளிது. இரண்டிடமும் ஒரே கண்டிப்புடன் கேட்டபின், தந்தை தம் மகளோடு அமர்ந்து கடன் விண்ணப்பத்தை நிரப்பட்டும்.